இரண்டு நிமிட வைத்தியமும் இரண்டு வார இருமலும்





நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் பில்களையும் மருந்துச் சீட்டுகளையும் சேர்த்துத் தர வேண்டும். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிக் கமிட்டியின் முன் வைப்பது செயலாளரான என் வேலை. சென்ற ஆண்டு ஒரு தாய் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து அடுக்கியபோதுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவருடைய மகனுக்கு இருபத்து நான்கு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. நான்கு மாதமாக இருமல். பைக்குள் மூன்று கிளினிக்குகளின் சீட்டுகள், மொத்தம் பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மருந்துகள்: இருமல் சிரப், ஏதாவது ஓர் ஆன்டிபயாடிக், ஓர் ஊசி. இரண்டு தடவை ட்ரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். சளிப் பரிசோதனையோ நெஞ்சு எக்ஸ்ரேயோ எடுக்கச் சொன்ன சீட்டு ஒன்றுகூட இல்லை. மருந்துக்கடை பில்களையும் கூட்டினால் ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது.

"ஊசி போட்டா ரெண்டு நாள் நல்லா இருக்கான் பாய். மூணாம் நாள் மறுபடி ஆரம்பிச்சிடுது" என்றார் அந்தத் தாய்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று சொன்னார்கள்.

எந்த டாக்டரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முன்பதிவு எதுவும் இல்லாமல், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் கிளினிக் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அவசியம் தேவை. அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதுதான் நோக்கம்.

ஏன் கிளினிக்குக்கே போகிறோம்?

காரணங்கள் நியாயமானவைதான். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் புறநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில் பார்க்கிறார்கள். காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறும் பிள்ளையால் அங்கே போய் வரிசையில் நிற்க முடியாது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளமும் அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகையும் போய்விடும். கிளினிக் மாலை ஆறு மணிக்குத் திறக்கிறது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மஃரிப் தொழுதுவிட்டுப் போனால் இஷாவுக்குள் திரும்பிவிடலாம்.

இந்த முறை நன்றாக நடந்ததற்குச் சென்னையிலேயே பெயர் பெற்ற உதாரணங்கள் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் ஆகிய இருவரையும் மக்கள் "அஞ்சு ரூபா டாக்டர்", "ரெண்டு ரூபா டாக்டர்" என்றுதான் அழைத்தார்கள். முன்னவர் 2018 டிசம்பரிலும் பின்னவர் 2020 ஆகஸ்டிலும் காலமானபோது வடசென்னையே துக்கம் கொண்டாடியது. கட்டணம் குறைவு என்பதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். இருவரும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். ஒரே டாக்டர் ஒரே குடும்பத்தை வருடக்கணக்கில் பார்க்கும்போது, "போன மாசமும் இதே இருமலோடதானே வந்தே?" என்று அவரே கேட்டுவிடுவார்.

நம் பகுதியில் அந்த வசதி குறைவு. வேலைக்காகக் குடிவந்து, வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். கிளினிக்கில் இந்த வாரம் இருந்த டாக்டர் அடுத்த வாரம் இருப்பதில்லை. நாமும் ஒரு கிளினிக்கில் குணமாகவில்லை என்றால் அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போகிறோம், பழைய சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். மூன்றாவது டாக்டருக்கு நான்கு மாத இருமல், அன்றைக்கு வந்த இருமலாகத்தான் தெரியும். மேலே சொன்ன பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

இரண்டு நிமிடத்தில் எவ்வளவு முடியும்?

மாலை ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை மணிக்குள் எண்பது டோக்கன் பார்க்கும் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டேகால் நிமிடம். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் இரண்டு நிமிடத்தை ஒட்டி, பங்களாதேஷில் 48 வினாடி என்று அதில் தெரிந்தது.

இரண்டு நிமிடத்தில் ஒரு நல்ல டாக்டரால் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறு காயம் ஆகியவற்றைச் சரியாகவே பார்த்துவிட முடியும். நீண்ட கதையைக் கேட்கவோ, பத்துச் சீட்டுகளைப் புரட்டவோ அந்த நேரம் போதாது. அதோடு, "நாளைக்கு டூட்டி இருக்கு டாக்டர், ஊசி போட்டு விட்டுடுங்க" என்று நாமே கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஊசி போடாத டாக்டரை "சரியா பாக்கல" என்று சொல்லிவிட்டு வேறு இடம் தேடுகிறோம். கிளினிக் நடத்துபவருக்கும் வாடகை இருக்கிறது, சம்பளம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பதைக் கொடுத்துப் பழகிவிடுகிறார்.

ஊசியும் ட்ரிப்ஸும் செய்வது என்ன?

ட்ரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. வழக்கமாக ஏற்றும் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டில் அரை லிட்டர். அதில் இருக்கும் சர்க்கரை 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வாயால் குடிக்கவும் சாப்பிடவும் முடிகிற ஒருவருக்கு அதனால் தனியாக ஒரு தெம்பும் வருவதில்லை. நிற்காத வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, டெங்குவில் டாக்டர் அவசியம் என்று கண்ட நிலை ஆகியவற்றில் ட்ரிப்ஸ் உயிர் காக்கும். அதை ஏற்றும் இடம் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவமனையாக இருப்பது நல்லது.

ஊசி விஷயம் இன்னும் கவனமானது. சில இடங்களில் வலி மருந்தோடு ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள். அது காய்ச்சலையும் அசதியையும் சட்டென்று அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தாழ்த்தும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு சர்க்கரை அளவு ஏறிவிடும். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியின் மீதும் ஓரளவு வேலை செய்யும். நாலைந்து நாள் சாப்பிட்டால் இருமல் குறைந்தது போல இருக்கும், ஆனால் கிருமி அழியாது. அந்த இடைவெளியில் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், பரிசோதனையில்கூடத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. அந்தத் தாய் சொன்ன "ரெண்டு நாள் நல்லா இருக்கான்" என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதனால்தான் காசநோய் மருந்துகளையும் பல உயர்வகை ஆன்டிபயாடிக்குகளையும் 2014 மார்ச் முதல் அட்டவணை எச்-1 என்ற தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் அவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். பழைய சீட்டைக் காட்டி "இதையே குடுங்க" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும்.

இரண்டு வாரம் தாண்டினால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அல்லது ஒரே தொந்தரவுக்கு இரண்டு முறை கிளினிக் போயும் குணமாகவில்லை என்றால், மூன்றாவது முறை கிளினிக்குக்குப் போகாதீர்கள். அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பரிசோதனை கேளுங்கள்.

இருமலுடன் மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, இரவில் வியர்த்தல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் சளியை அவர்கள் கொடுக்கும் டப்பாவில் எடுக்க வேண்டும். எச்சில் போதாது. அந்த டப்பாவை வீட்டில் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதற்காக நோயாளி லீவு போட வேண்டியதில்லை. நோய் உறுதியானால் மருந்து முழுக்க இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தந்துவந்தது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். தனியார் டாக்டர் கண்டுபிடித்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி, எனவே தனியாரிடம் பார்ப்பவருக்கும் இந்தத் தொகை உண்டு.

நெஞ்சு நோய்களுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனை நமக்குத் தூரமில்லை. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான அந்த மருத்துவமனை 1928-ல் டாக்டர் சவுரி முத்து என்பவரால் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அன்றைக்குக் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதுதான் வைத்தியம். அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வும் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட நோயாளிகளும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள் என்றும், அதனால் வீட்டாருக்குத் தொற்று அதிகமாகவில்லை என்றும் 1959-ல் உலகுக்குக் காட்டியது.

நம் மக்கள் இன்னும் இந்த நோயை மறைக்கிறார்கள். அந்தத் தாயும் முதலில் என்னிடம் கேட்டது மருந்தைப் பற்றியில்லை. "பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம் பாய், வெளியே தெரியாம பாத்துக்கங்க" என்றுதான் கேட்டார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் தட்டு, டம்ளர், துணி வழியாக இது பரவாது. இருமும்போதும் பேசும்போதும் காற்றின் வழியாகப் பரவுகிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோருக்கு, பிறருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மருந்து சாப்பிடுபவரால் ஆபத்துக் குறைவு, மறைத்துவைத்து இருமிக்கொண்டிருப்பவரால்தான் வீட்டுக்கு ஆபத்து. அவசியமானால் வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தருகிறார்கள்.

மாதாமாதம் பிடிக்கும் 120 ரூபாய்

அந்தப் பிள்ளையின் சம்பளம் 16,000 ரூபாய். அதில் மாதம் 120 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிடித்திருக்கிறார்கள். அவரோ, "அது பர்மனென்ட் ஆளுங்களுக்கு பாய், நமக்கு இல்ல" என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இது தவறு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி, கான்ட்ராக்டர் மூலம் வந்தவராக இருந்தாலும், இ.எஸ்.ஐ.யில் சேர வேண்டியவர். தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் போடுகிறது. இதற்குக் கிடைப்பவற்றைப் பாருங்கள்:

தொழிலாளிக்கும், மனைவி, பிள்ளைகளுக்கும், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம்.

நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். இதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம், இரண்டு ஆண்டுவரை. இதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு.

பிரசவத்துக்குப் பெண் தொழிலாளிக்கு 26 வாரச் சம்பளம்.

இதற்கெல்லாம் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். தெருக் கிளினிக் சீட்டைக் கொண்டுபோய்க் கேட்டால் கிடைக்காது. ஆகவே இன்றைக்கே சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண்ணை எச்.ஆரிடமோ கான்ட்ராக்டரிடமோ கேட்டு வாங்குங்கள். எந்த மருந்தகம் உங்களுக்குரியது என்று பாருங்கள். குடும்பத்தார் பெயர்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நோய் வந்த பிறகு இதற்கெல்லாம் அலைவது கஷ்டம்.

இ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்களுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அது அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய செலவுக்கானது, கிளினிக் செலவுக்கு உதவாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். சென்னையிலும் நகராட்சிப் பகுதிகளிலும் 2023 ஜூனில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 மணி வரையும் இயங்குகின்றன. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்து போகலாம்.

டாக்டர் முன் உட்காரும்போது

கிளினிக்குக்கே போனாலும் அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமல் இருக்கச் சில வழிகள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் வையுங்கள். சீட்டுகளைத் தேதிப்படி அதில் ஒட்டுங்கள். ஊருக்குப் போனாலும் அது கூடவே வரட்டும்.

முதல் வாக்கியத்திலேயே எத்தனை நாளாக என்பதைச் சொல்லுங்கள். "இருமல் டாக்டர்" என்பதைவிட "இருபது நாளா இருமல், ரெண்டு தடவை மருந்து சாப்பிட்டாச்சு, மூணு கிலோ எடை குறைஞ்சிருக்கு" என்றால் டாக்டரின் முடிவே மாறும். சர்க்கரை, பிரஷர், மருந்து அலர்ஜி, கர்ப்பம் இவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

"ஊசி போடுங்கள்" என்று கேட்காதீர்கள். "மாத்திரை போதுமா டாக்டர்? ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா? எத்தனை நாள்ல குறையணும், குறையலைன்னா எங்கே போகணும்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் அது இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. சீட்டே தராமல், காகிதத்தில் மாத்திரையை மடித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியையோ தாயாரையோ அழைத்துப்போனால், அவர்களைப் பேச விடுங்கள். நாம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம், மாதவிடாய்க் கோளாறு, மார்பில் கட்டி போன்றவற்றை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்றால் எந்த நாளில் இருப்பார் என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். இல்லை என்பதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் இழுத்தல், நினைவு தப்புதல் என்றால் கிளினிக் டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108. சந்தேகம் கேட்க 104.

டிரஸ்ட்டின் முடிவு

இதையெல்லாம் பேசி, கமிட்டியில் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். மருத்துவ உதவி கேட்டு வருபவரிடம் முதலில் இ.எஸ்.ஐ. எண்ணையும் காப்பீட்டு அட்டையையும் கேட்போம். பணம் இல்லை என்று சொல்வதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு உரிமையுள்ளதை முதலில் வாங்கித் தருவதற்காகக் கேட்கிறோம். அரசு மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்குபவருடன் துணைக்குப் போக, ஓய்வு பெற்ற நம் சகோதரர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வரும் யாருடைய பில்லும் பரிசோதனை முடிவு இல்லாமல் கமிட்டிக்குப் போகாது.

அந்தப் பிள்ளை இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. இ.எஸ்.ஐ.யிலிருந்து சம்பளத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் வந்தது. ஆறு மாத மருந்தை ஒரு நாள் விடாமல் முடித்துவிட்டு இப்போது வேலைக்குப் போகிறார். டிரஸ்ட் கொடுத்தது அந்த மாதங்களுக்கான மளிகைச் சாமான் மட்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது, யாருக்கும் நோய் இல்லை. சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டாரிடம் அந்தத் தாய் கடைசியில் மறைக்காமல் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அத்தா, "மருந்து சாப்பிடுறாரா? பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று இரண்டு கேள்விகள் கேட்டாராம். நிக்காஹ் சென்ற ஷவ்வாலில் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

நம் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்